பத்துத் துளை ஹார்மோனிகாவில் மனோதர்மம்: முதலில் ஸ்கேலா, கார்ட் ஸ்வரங்களா?

மவுத் ஆர்கனில் நாலைந்து பாட்டுகளைத் தப்பில்லாமல் வாசிக்க வந்துவிட்டால் அடுத்த ஆசை தானாக வந்துவிடும். ஒரு பேக்கிங் ட்ராக்கை (துணை வாத்தியங்கள் மட்டும் ஓடும் பதிவை) போட்டுவிட்டு, யாரும் எழுதித் தராததை நாமே வாசிக்க வேண்டும். அந்த இடத்தில் எல்லோருக்கும் இரண்டு யோசனைகள் கிடைக்கும். 'ப்ளூஸ் ஸ்கேலைக் கற்றுக்கொள், அதில் எதை வாசித்தாலும் பொருந்தும்' என்பார் ஒருவர். 'கார்ட் மாறும்போது அந்தக் கார்டுக்குள் இருக்கும் ஸ்வரத்தைப் பிடி' என்பார் இன்னொருவர். ஸ்கேல் என்பது வரிசையாக ஏறி இறங்கும் ஸ்வரத் தொகுப்பு, கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு ஸ்வரங்கள். இரண்டும் நல்ல யோசனைகள்தான். ஆனால் தினம் 20 நிமிடம் மட்டுமே பயிற்சிக்குக் கிடைக்கிறவர் எதில் தொடங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 துளை டயடானிக் ஹார்மோனிகாவில் (ஒரே சுருதியின் ஏழு ஸ்வரங்களுக்கென அமைந்தது) ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையை வாசிக்கப் போகிறவர் கார்ட் ஸ்வரங்களில் தொடங்குவது நல்லது. கிதார் கற்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை இதற்கு நேர்மாறானது: முதலில் பென்டடானிக் எனும் ஐந்து ஸ்வர ஸ்கேல், பிறகு கார்ட் ஸ்வரங்கள். கிதாரில் அதற்கு நியாயம் இருக்கிறது, விரல் வைக்கும் கட்டங்கள் கண்முன்னே தெரிகின்றன. ஹார்மோனிகாவின் உடம்பு வேறு மாதிரி.

நம் ஊரில் அதிகம் பார்க்கும் 24 துளை ட்ரெமோலோ வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சற்றே விலகிய சுருதியில் இரண்டு ரீடுகள் (நாதம் தரும் சிறு உலோக நாக்குகள்) சேர்ந்து ஒலிக்கும், அதனால்தான் அந்த அலை அலையான நாதம். மெட்டுகளுக்கு மிக அழகான கருவி. ஆனால் பெண்ட், அதாவது மூச்சையும் நாக்கையும் வைத்து ஒரு ஸ்வரத்தைக் கீழே வளைப்பது, அதில் ஒழுங்காக வராது. இங்கே எழுதுவதெல்லாம் 10 துளைக் கருவிக்கு, அதிலும் சி சுருதி ஹார்மோனிகாவை உதாரணமாக வைத்து.

கருவிக்குள்ளேயே கார்ட் இருக்கிறது

எந்தத் துளையில் ஊதினாலும் சி, இ, ஜி என்ற மூன்று ஸ்வரங்களில் ஒன்றுதான் வரும். அதாவது ஊதும் மூச்சு முழுக்கவே சி மேஜர் கார்ட். இழுக்கும்போது 1-வது துளையிலிருந்து வரிசையாக டி, ஜி, பி, டி, எஃப், ஏ, பி, டி, எஃப், ஏ. இதற்கு ரிக்டர் அமைப்பு என்று பெயர். ஜெர்மனியில் ட்ராஸிங்கனைச் சேர்ந்த ஹோனர் நிறுவனம் 1896-இல் மெரைன் பேண்ட் என்ற மாடலைக் கொண்டுவந்தபோதும் இதே அமைப்புதான். ஊரில் பாடும் எளிய மெட்டுகளை ஊதல் கார்டை வீடாக வைத்து வாசிப்பதற்கான ஏற்பாடு அது.

அமெரிக்கத் தென்பகுதியின் கறுப்பின இசைக்காரர்கள் இந்தக் கருவியில் வேறொன்றைக் கண்டார்கள். 2, 3, 4, 5 ஆகிய துளைகளை வரிசையாக இழுத்துப் பாருங்கள். ஜி, பி, டி, எஃப். இது அப்படியே ஜி7 கார்ட், ப்ளூஸின் வீட்டுக் கார்ட். சி ஹார்மோனிகாவில் ஜி சுருதியில் வாசிக்கும் இந்த முறைதான் செகண்ட் பொசிஷன். ஆக, முதல் நாள் கருவியை வாயில் வைத்தவர்கூட 2-இலிருந்து 5 வரை இழுத்தால் ஒரு முழுக் கார்டின் நான்கு ஸ்வரங்களையும் வாசித்துவிட்டார். பெண்ட் தேவையில்லை, தேடல் தேவையில்லை.

இப்போது ஜி ப்ளூஸ் ஸ்கேலைப் பார்ப்போம். ஜி, பி ஃப்ளாட், சி, டி ஃப்ளாட், டி, எஃப், மேல் ஜி (ஃப்ளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே). துளைக் கணக்கில் 2 இழுப்பு, 3 இழுப்பில் அரை ஸ்வர பெண்ட், 4 ஊதல், 4 இழுப்பில் பெண்ட், 4 இழுப்பு, 5 இழுப்பு, 6 ஊதல். ஏழு அடிகளில் இரண்டு பெண்ட். அதிலும் அந்த 3-வது துளைதான் இந்தக் கருவியிலேயே மிகக் கடினமான இடம். பி-யிலிருந்து பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட் என்று மூன்று படிகள் கீழே இறங்கும். முதல் படியில் மட்டும் நின்று சுருதி சுத்தமாகப் பிடிக்க, நாக்கின் பின்பகுதி இம்மியளவு நகர வேண்டும். பல மாதப் பயிற்சி அது. கிதாரில் ஃப்ரெட் அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. இங்கே வாய்க்குள் ஃப்ரெட் கிடையாது.

புதிதாகக் கற்கிறவர் ஸ்கேலில் தொடங்கினால் என்ன நடக்கிறது என்றால், பி ஃப்ளாட் இறங்கும்போது ஏ-க்கும் அதற்கும் நடுவில் எங்கோ போய் நிற்கிறது. அதையே நூறு தடவை வாசித்தால் காது அந்தத் தப்பான இடத்தையே சரியென்று பழகிவிடும். பிறகு அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடச் சிரமம்.

நகரும் தரை

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. தம்புரா ஸ-ப-வைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆலாபனை எவ்வளவு நேரம் போனாலும் ஆதார ஷட்ஜம் அசையாது. காந்தாரம் கடைசி வரை காந்தாரம்தான். அதனால் ஸ்கேல் என்றதும் நமக்கு ஆரோகண அவரோகணம் ஞாபகம் வருகிறது, அதற்குள் சஞ்சாரம் செய்தால் போதும் என்று தோன்றுகிறது. ஸ்வரங்களும் பழகியவைதான். மேஜர் பென்டடானிக் என்பது மோகனத்தின் ஸ்வரங்கள். மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ப்ளூஸ் ஸ்கேல் அந்தச் சுத்த தன்யாசி ஸ்வரங்களோடு ஒரு பிரதி மத்யமம் சேர்ந்தது. ராகத்தின் பிடிகளும் கமகமும் வேறு என்றாலும் ஸ்வர வரிசை நமக்கு அந்நியமில்லை. அதனால் நம்மவர்கள் ஸ்கேலை வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

12 பார் ப்ளூஸில் (இங்கே ஒரு பார் என்பது நான்கு தட்டு) தரையே நகர்கிறது. முதல் நான்கு பார் ஜி7. 5, 6-வது பார்களில் சி7. 7, 8-இல் மறுபடி ஜி7. 9-வது பாரில் டி7, 10-இல் சி7, 11-இல் ஜி7, 12-இல் டி7 வந்து மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளும். நீங்கள் 5 இழுப்பில் எஃப் பிடித்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஜி7 ஓடும்போது அது கார்டின் ஏழாவது ஸ்வரம், வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்படியே அசையாமல் இருக்க, கீழே சி7 வந்தால் அதே எஃப் நாலாவது ஸ்வரமாகி, கார்டில் இருக்கும் இ-யோடு அரை ஸ்வர தூரத்தில் உரசும். டி7 வந்தால் அங்கிருக்கும் எஃப் ஷார்ப்போடு (எஃப்-க்கு அரை ஸ்வரம் மேலே) இன்னும் கடுமையாக உரசும். ஸ்வரம் ஒன்றுதான். அதன் உறவு மூன்று தடவை மாறிவிட்டது. 'எதை வாசித்தாலும் பொருந்தும்' என்ற யோசனை இந்த மாற்றத்தைச் சொல்வதே இல்லை.

நான் முதல் இரண்டு வருடம் ஸ்கேலிலேயேதான் இருந்தேன். ஒருநாள் ட்ராக்கை ஹெட்போனில் மட்டும் ஓடவிட்டு, என் வாசிப்பைத் தனியாகப் பதிவு செய்து கேட்டேன். எந்த இடத்தில் கார்ட் மாறுகிறது என்பது அந்தப் பதிவிலிருந்து தெரியவே இல்லை. 2-வது பாரும் 9-வது பாரும் ஒரே மாதிரி இருந்தன. அதற்கு முன் ட்ராக்கோடு சேர்த்துக் கேட்டபோதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஏனென்றால் கார்ட் மாற்றத்தை கிதாரும் பாஸும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்கேலா கார்டா என்று யோசிப்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதைவிடத் தெளிவான பதில் வேறு எங்கும் கிடைக்காது.

ஐந்தாவது துளையும் மூன்றாவது துளையும்

4-வது பாரிலிருந்து 5-வது பாருக்குப் போகும் இடத்தில் ஹார்மோனிகா நமக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறது. ஜி7-இன் ஏழாவது ஸ்வரம் எஃப், 5 இழுப்பு. சி7-இன் மூன்றாவது ஸ்வரம் இ, 5 ஊதல். வாயை நகர்த்தவே வேண்டாம். 4-வது பாரின் கடைசியில் 5-ஐ இழுத்துப் பிடித்திருங்கள், 5-வது பாரின் முதல் தட்டில் மூச்சை மட்டும் திருப்புங்கள். எஃப் அரை ஸ்வரம் இறங்கி இ ஆகும்போது, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமலேயே கார்ட் மாறிவிட்டது என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். வருடக்கணக்கில் வாசித்தும் இதைக் கவனிக்காமல் இருந்துவிட முடியும். கவனித்த பிறகு விடவே முடியாது.

இதே மாற்றத்தின் இன்னொரு பாதி 3-வது துளையில் நடக்கிறது. ஜி7-இன் மூன்றாவது ஸ்வரம் பி, 3 இழுப்பு. சி7-இன் ஏழாவது ஸ்வரம் பி ஃப்ளாட், அதே 3 இழுப்பில் அரை ஸ்வர பெண்ட். இதுதான் ஸ்கேலும் கார்டும் ஒரே துளையில் சந்திக்கும் இடம். ஜி7 மேல் ப்ளூஸ்காரர்கள் 3 இழுப்பைப் பி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் லேசாக அழுத்தி வைப்பார்கள், அழுகை மாதிரி ஒரு சாயல் வரும். சி7 வந்ததும் அதைச் சுத்தமான பி ஃப்ளாட்டுக்கு இறக்க வேண்டும். ஸ்கேலை மட்டும் படித்தவருக்குப் பி ஃப்ளாட் ஒரு படிக்கட்டு. கார்டையும் படித்தவருக்கு அதை எப்போது அரைகுறையாக அழுத்துவது, எப்போது முழுதாக இறக்குவது என்று தெரியும். பெண்ட் பயிற்சிக்கும் இதனால் ஒரு அர்த்தம் கிடைக்கிறது. பெண்ட் வரவில்லையென்றாலும் குடி மூழ்கிவிடாது, சி7-க்கு 4, 5, 6 ஊதல் போதும். பி ஃப்ளாட் பிறகு வந்து சேரட்டும்.

டி7-தான் தொல்லை. டி-க்கு 1 இழுப்பு அல்லது 4 இழுப்பு, ஏ-க்கு 6 இழுப்பு, சி-க்கு 4 ஊதல் அல்லது 7 ஊதல் என்று மூன்று ஸ்வரங்கள் சுலபமாகக் கிடைக்கும். எஃப் ஷார்ப் கிடைக்காது. கீழே வேண்டுமென்றால் 2 இழுப்பில் அரை ஸ்வர பெண்ட், நடுவில் வேண்டுமென்றால் 5-வது துளையில் ஓவர்ப்ளோ, அதாவது ஊதும் விதத்தை மாற்றி வழக்கத்தைவிட உயர்ந்த ஸ்வரத்தை வரவழைப்பது. இந்த ஓவர்ப்ளோ முறையை வளர்த்து, டயடானிக் கருவியிலேயே பன்னிரண்டு ஸ்வரங்களையும் வாசித்துக் காட்டியவர் ஹவர்ட் லெவி. அது நெடுந்தூரப் பயணம். ஆரம்பத்தில் எஃப் ஷார்ப்பை விட்டுவிடுங்கள், பியானோவோ கிதாரோ அதை வாசித்துக்கொண்டுதான் இருக்கும். எஃப் மேல் போய் நீளமாக உட்காராமல் இருந்தால் போதும்.

கார்டுகளுக்கு நடுவே பொது ஸ்வரங்களும் இருக்கின்றன. ஜி7-க்கும் சி7-க்கும் ஜி பொது. சி7-க்கும் டி7-க்கும் சி பொது. டி7-க்கும் ஜி7-க்கும் டி பொது. அவசரத்தில் எங்கே போவது என்று தெரியாதபோது இந்த மூன்றும் கைகொடுக்கும்.

ஸ்கேலுக்காகவும் பேச வேண்டும்

கார்ட் ஸ்வரங்களை மட்டும் வாசித்தால் என்ன கேட்கும்? தாவல்கள். ஜி-பி-டி-எஃப், சி-இ-ஜி என்று மேலும் கீழும் ஏணி ஏறி இறங்குகிற மாதிரி. சுருதி தப்பாது, ஆனால் பாட்டாகவும் இருக்காது. ஒரு ஸ்வரத்திலிருந்து பக்கத்து ஸ்வரத்துக்கு நடந்து போகும் கோடுதான் மெட்டு, அதை ஸ்கேல் தருகிறது. ப்ளூஸின் உயிர் இருக்கும் 4 இழுப்பு பெண்ட், அந்த டி ஃப்ளாட், இந்த மூன்று கார்டுகளில் எதிலுமே இல்லை. அது ஸ்கேலின் சொத்து. மேலே சொன்ன எஃப்-இ உரசலைக்கூட நல்ல ப்ளூஸ்காரர்கள் வேண்டுமென்றே வைத்து, பிறகு அவிழ்ப்பார்கள். உரசல் குற்றமில்லை, உரசுகிறோம் என்று தெரியாமல் உரசுவதுதான் குறை.

ஜாஸ் வரலாற்றில் இரண்டு டெனர் சாக்ஸபோன் கலைஞர்களை இதற்கு எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம். கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-இல் பதிவு செய்த 'பாடி அண்ட் ஸோல்' வாசிப்பில் ஒவ்வொரு கார்டையும் உடைத்து அதன் ஸ்வரங்களுக்குள் ஏறி இறங்கிப் போகிறார், மூல மெட்டின் சாயல் ஆரம்பத்தில் கொஞ்சம்தான் தெரியும். லெஸ்டர் யங் கார்டுகளுக்கு மேலாக ஒரு நீண்ட கோடு இழுப்பவர், ஒரு வாக்கியம் பேசுகிற மாதிரி. யார் பெரியவர் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் யங்குக்குக் கார்ட் தெரியாமல் அந்தக் கோடு வரவில்லை என்பதைக் கவனித்துக் கேட்டால் உணரலாம், அவர் போய் நிற்கும் இடங்களே சொல்லிவிடும்.

ஸ்கேலில் தொடங்குவதே சரியென்று நான் ஒப்புக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஒரே கார்ட் நீண்ட நேரம் ஓடும் மோடல் வகை இசை ஒன்று. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு 'ஸோ வாட்' 32 பார் வடிவம். அதில் முதல் 16 பாரும் டி-யில் தொடங்கும் டோரியன் என்ற ஸ்கேல், அடுத்த 8 அரை ஸ்வரம் மேலே இ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 மறுபடி டி. சி ஹார்மோனிகாவில் 4 இழுப்பிலிருந்து 8 இழுப்பு வரை டி டோரியன் ஒரு பெண்ட்கூட இல்லாமல் வந்துவிடும், அதுதான் தேர்ட் பொசிஷன். நடுவிலிருக்கும் 8 பாருக்கு டி ஃப்ளாட் ஹார்மோனிகாவைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். தரை அசையாத இந்த இடத்தில் நம் ராகக் காது பெரிய பலம். சுருதிப் பெட்டியில் டி-யை ஸ-வாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சஞ்சாரம் செய்து பாருங்கள், கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள்தான் அவை.

க்ரோமாடிக் ஹார்மோனிகா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஊதல் சி, இ, ஜி, சி, இழுப்பு டி, எஃப், ஏ, பி, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் அரை ஸ்வரம் மேலே. ஜாஸ் கலைஞர் டூட்ஸ் தீல்மன்ஸ் வாசித்த கருவி அது. அதில் ஜி7-க்கு டயடானிக்கில் கிடைத்த அந்த ஒரே இழுப்பு கிடையாது, ஜி-க்கு ஊதி, பி, டி, எஃப்-க்கு இழுக்க வேண்டும். ஸ்கேல்கள் மூலம் மூச்சும் பொத்தானும் கைக்குப் பழகிய பிறகு கார்டுக்குப் போவது அங்கே இயல்பு.

சினிமாப் பாட்டு மாதிரி ஏ மைனர், எஃப், சி, ஜி என்று சுற்றிவரும் வரிசைக்கு ஊதல் கார்டை வீடாக வைத்த ஃபர்ஸ்ட் பொசிஷனில் வாசிப்பவர்கள் சி மேஜர் பென்டடானிக்கில் தொடங்கலாம். 4 ஊதல், 4 இழுப்பு, 5 ஊதல், 6 ஊதல், 6 இழுப்பு, 7 ஊதல். மோகனம், பெண்ட் இல்லாமல். அதன் மேல் ஒவ்வொரு கார்டின் மூன்றாவது ஸ்வரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். நான்கு கார்டுகளில் ஜி-க்கு வேண்டிய பி மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டும், 7 இழுப்பு. மற்ற மூன்றின் மூன்றாவது ஸ்வரங்களான சி, ஏ, இ ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

மூச்சைப் பற்றி

கார்ட் வழியின் உண்மையான சங்கடம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜி7 முழுக்க இழுப்பு. நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் ஓடும் மெதுவான ப்ளூஸில் முதல் நான்கு பார் என்பது 16 விநாடி. அவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டே இருந்தால் நெஞ்சு அடைத்துவிடும். 3 ஊதலிலும் அதே ஜி இருக்கிறது, 2 இழுப்புக்குப் பதில் அதை ஊதி மூச்சை வெளியே விடலாம். அல்லது வாசிப்பை நிறுத்தி மூக்கால் விடலாம். நிறுத்துவது நல்லதும்கூட, பாடுகிறவர் வரிக்கு வரி மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும்.

தினம் 20 நிமிடம் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். முதல் மாதம் மெதுவான ஜி ப்ளூஸ் ட்ராக்கைப் போட்டு, கார்ட் மாறும் ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் ஒரே ஒரு ஸ்வரம். 5-இல் 5 ஊதல், 7-இல் 3 இழுப்பு, 9-இல் 4 இழுப்பு, 10-இல் 5 ஊதல், 11-இல் 2 இழுப்பு, 12-இல் 1 இழுப்பு. மற்ற நேரம் மௌனம். வாசிக்கும் முன் அந்த ஸ்வரத்தை வாயால் பாடிப் பாருங்கள், பாட வந்தால்தான் அது உங்களுடையது. இரண்டாவது மாதம் அந்த ஸ்வரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று ஸ்வரங்கள் சேர்த்து அதை நோக்கி நடந்து வாருங்கள். அந்த நடைக்கு ஸ்கேல் வேண்டும், அப்போது கற்றுக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம் என்று தெரிந்த பிறகு கற்கும் ஸ்கேல் சீக்கிரம் படியும். 3 இழுப்பு பெண்டுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தினம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், ட்யூனரைக் கண் எதிரே வைத்து, பி ஃப்ளாட்டில் மட்டும் நின்று.

மூன்றாவது மாதக் கடைசியில் ட்ராக்கை ஹெட்போனில் போட்டுப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டே பார்களை எண்ணுங்கள். 5-வது பாரில் தரை நகர்வது கேட்கிறதா என்று பாருங்கள்.